விதை போட்ட டம்ளர், விதை போடாத டம்ளர்

கோடை லீவு விட்டாச்சு. வெளியே வெயில் கொளுத்துது, பிள்ளைங்க வீட்டுக்குள்ள இருக்காங்க. கையில போனைக் கொடுக்காம ஒரு மணி நேரம் அவங்களைச் சமாளிக்கணும்னா பெரியவங்களுக்கு நாக்கு தள்ளிடுது. அதனால இந்த எபிசோட்ல கோடிங், வேலை, இன்டர்வியூ எதுவும் கிடையாது. கற்கண்டு மட்டும்தான். கடையில வாங்குறது இல்ல, வீட்டுல நாமே வளர்க்குறது.

'வளர்க்குறது'ன்னு தெரிஞ்சேதான் சொல்றேன். மைசூர்பாக்கு மாதிரி அடுப்புல நின்னு கிண்டி எடுக்குற சமாச்சாரம் இல்ல இது. அரை மணி நேரம் வேலை, அப்புறம் ஒரு வாரம் காத்திருப்பு. அந்த ஒரு வாரத்துல எங்க வீட்டுல ஒரு சின்ன பஞ்சாயத்து நடந்தது. அதைப் பத்தியும் பேசணும். முதல்ல விஷயத்துக்கு வர்றேன்.

மளிகைக் கடையில ரெண்டு வகை கற்கண்டு பார்த்திருப்பீங்க. ஒண்ணு சின்னச் சின்னதா, ஒரே அளவுல இருக்கிற டைமண்ட் கற்கண்டு. இன்னொண்ணு கரடுமுரடா, பெரிய கட்டியா இருக்கிற நூல் கற்கண்டு. அதைக் கடிச்சா நடுவுல ஒரு நூல் வாயில மாட்டும். சின்ன வயசுல அதைத் துப்பிட்டுப் போயிருப்போம். ஆனா அந்த நூல்தான் ரகசியமே. முதல்ல நூல் இருந்தது, அப்புறம் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சர்க்கரை வளர்ந்தது.

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் பனங்கற்கண்டு எடுப்பதும் இதே முறையில்தான். பதநீரைக் காய்ச்சி, கருப்பட்டிப் பதத்துக்குப் போகும் முன்பே இறக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். யாரும் அதைக் கிண்டுவதில்லை, ஆட்டுவதில்லை. ஆக, நாம செய்யப்போறது யூட்யூப்ல புதுசா வந்த எக்ஸ்பெரிமென்ட் ஒண்ணும் இல்ல.

சரி, இதுல என்ன நடக்குது? 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 200 கிராம் சர்க்கரை கரையும். 30 டிகிரியில் சுமார் 220 கிராம். கொதிக்கிற சூட்டில் 480 கிராமுக்கு மேலேயே கரையும். சூடான தண்ணீரில் நிறையச் சர்க்கரையைக் கரைத்து மெதுவாக ஆறவிட்டால், அந்தச் சூட்டுக்குத் தாங்குவதைவிட அதிகமான சர்க்கரை தண்ணீருக்குள் மாட்டிக்கொள்ளும். ஸ்கூல் புத்தகத்துல இதுக்கு 'அதிதெவிட்டிய கரைசல்'னு பேர். அப்போ மனப்பாடம் பண்ணிட்டு மறந்திருப்போம். இப்ப அந்த வார்த்தையைக் கொஞ்சம் நின்னு பாருங்க. பாயசம் மூணாவது டம்ளர் குடிச்சா தெவிட்டுமே, அதே தெவிட்டல்தான். தண்ணிக்குச் சர்க்கரை தெவிட்டிப் போச்சு, எப்படியாவது வெளியே தள்ளணும்னு நிக்குது.

பிள்ளைங்களுக்கு நான் மியூசிக்கல் சேர் வைத்துச் சொன்னேன். தண்ணீர் சூடா இருக்கும்போது நிறைய நாற்காலி, எல்லாச் சர்க்கரைக்கும் இடம் உண்டு. ஆற ஆற நாற்காலி குறையும். இடம் கிடைக்காத சர்க்கரை ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கும். அந்தக் கூட்டம்தான் கற்கண்டு.

இப்ப அளவு. இணையத்தில் நிறையச் செய்முறைகள் இருக்கு. சிலதுல 1 கப் தண்ணீருக்கு 2 கப் சர்க்கரைன்னு போட்டிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. சர்க்கரை ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 0.85 கிராம். 2 கப் போட்டால் 100 மில்லி தண்ணீருக்கு 170 கிராம்தான் வரும். 30 டிகிரி இருக்கிற வீட்டில் 220 கிராம் வரைக்கும் தாங்கும் என்று பார்த்தோம். அப்போ அந்த 170 கிராமும் நிம்மதியா கரைஞ்சே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் பெருமளவு ஆவியாகும் வரை எதுவும் வராது. 3 கப் போட்டால் 255 கிராம். இதுதான் நம்ம ஊருக்குச் சரி. 200 மில்லி டம்ளரில் 1 டம்ளர் தண்ணீர், 3 டம்ளர் சர்க்கரை. அதாவது சுமார் அரை கிலோ. இது ரெண்டு கண்ணாடி டம்ளருக்குச் சரியா வரும்.

முதல் நாள் ராத்திரி வேலை பிள்ளைகளுடையது. சுத்தமான மூங்கில் குச்சியைத் தண்ணீரில் நனைத்து, சர்க்கரையில் உருட்டி, ஒரு தட்டில் வைத்து முழுக்கக் காயவிடணும். இதுதான் விதை. குச்சியில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு பரலும் ஒரு கோலப்புள்ளி மாதிரி. அதைச் சுற்றித்தான் அடுத்த வரிசை அமையும். குச்சி ஈரமா இருந்தா பாகுக்குள்ள விட்டதும் விதை உதிர்ந்து கீழ போயிடும். அதனால ஒரு ராத்திரி காய்றது கட்டாயம்.

இன்னொரு குச்சியைச் சர்க்கரை பூசாமல் வெறுமனே வையுங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

மறுநாள் அடுப்பு வேலை. இது முழுக்கப் பெரியவங்க வேலை, இதுல விட்டுக்கொடுக்காதீங்க. சர்க்கரைப் பாகு கொதிக்கும்போது வெந்நீரைவிடச் சூடு அதிகம். மேல பட்டா வழிஞ்சு ஓடாது, தோலோட ஒட்டிக்கும். அப்படிப் பட்டுட்டா உடனே குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டணும். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். காயம் பெருசா இருந்தா நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க.

தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒரு பரல்கூட இல்லாமல் கரைக்கணும். கரைஞ்சதும் அடுப்பை அணைச்சிடலாம், கம்பிப் பதம் வரைக்கும் போக வேண்டாம். எலுமிச்சை பிழிய வேண்டாம். குலாப் ஜாமூன் பாகுல அம்மா நாலு சொட்டு எலுமிச்சை விடுவாங்களே, எதுக்கு? பாகு உறைஞ்சு சர்க்கரையா மாறிடக் கூடாதுன்னுதான். அந்தப் புளிப்பு சர்க்கரையை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ்னு ரெண்டா உடைச்சிடும். அது நடுவுல புகுந்தா பரல்கள் வரிசையா அடுக்கிக்க முடியாது. நமக்கு வேண்டியது அந்த வரிசைதான். கலர் வேணும்னு பிள்ளைங்க கேட்டா ஃபுட் கலர் ரெண்டு சொட்டு போதும்.

பாகு வெதுவெதுப்பாக ஆறியதும் ரெண்டு டம்ளரில் ஊற்றுங்க. துணி காயப்போடுற கிளிப்பில் குச்சியைக் கவ்வி, கிளிப்பை டம்ளர் வாயில் குறுக்கே வையுங்க. குச்சி அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. மேலே மெல்லிய துணி. அப்புறம் எறும்பு! எங்க அம்மாதான் வழி சொன்னாங்க. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் டம்ளரை வைத்தால் ஒரு எறும்பும் வராது. தட்டுத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கிறது பிள்ளைகள் பொறுப்பு.

இனிமே தொடக்கூடாது. ஆட்டினால் ஆங்காங்கே புதுப் பரல்கள் முளைத்து, எல்லாம் பொடியாகவே நின்றுவிடும். மேலே ஏடு மாதிரி ஒரு படலம் கட்டினால் மட்டும் பெரியவங்க ஸ்பூனால் மெதுவாக எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் தண்ணீர் ஆவியாக வழி இருக்காது.

இப்ப அந்த ரெண்டாவது டம்ளருக்கு வர்றேன். அக்கா பிள்ளைங்க ரெண்டு பேர் எங்க வீட்டுல இருந்தாங்க. பெரியவளுக்கு 9 வயசு, சின்னவனுக்கு 6. விதை போட்ட டம்ளர் ஒண்ணு, விதை போடாதது ஒண்ணு. எது யாருக்குன்னு அவங்களே சாட் பூட் த்ரீ போட்டு முடிவு பண்ணிக்கிட்டாங்க. சின்னவனுக்கு விதை போடாதது வந்துச்சு. அன்னைக்கு அவனுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல.

நாலாம் நாள் நிலைமை மாறிடுச்சு. அக்காக்காரி குச்சியில் சதுரம் சதுரமாகப் பளபளன்னு வளர்ந்திருக்கு. இவன் குச்சி மொட்டையா நிக்குது. ஒரே அழுகை. "மாமா, என்னோடது செத்துப் போச்சா?"ன்னு கேட்டான்.

எங்க அம்மாவுக்குப் பேரன் அழுதா பொறுக்காது. ராத்திரி அவன் தூங்கினதும் என்னைக் கூப்பிட்டு, "கடையில பத்து ரூபாய்க்குக் கற்கண்டு வாங்கி அந்தக் குச்சியில ஒட்டி வெச்சிடு. காலையில பார்த்தா புள்ள சந்தோஷப்படும். அவனுக்கு என்னடா தெரியப் போகுது?"ன்னாங்க. அக்காவும் போன்ல அதையேதான் சொன்னா. நான் மாட்டேன்னுட்டேன். "நீயும் உன் சயின்ஸும், ஆறு வயசுப் புள்ளகிட்ட போய்!"னு திட்டு விழுந்துச்சு.

அவங்க சொன்னதுல பாசம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு முந்தின ராத்திரி 11 மணிக்குத் தெர்மோகோல் வெட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது யாரு? அப்பா. பிள்ளை தூங்கிக்கிட்டிருக்கும். காலேஜ் லேப்ல கிராஃப் நேர்கோடா வரணும்னு விடையிலிருந்து பின்னாடி போய் ரீடிங் எழுதுற பழக்கம், இன்ஜினியரிங் படிச்ச யாருக்கும் புது விஷயம் இல்ல. வேலைக்கு வந்த பிறகு, டெஸ்ட் ஃபெயில் ஆனா கோடைச் சரிபண்ணாம டெஸ்ட்டையே கமென்ட் பண்ணிட்டுப் போறவங்களையும் பார்க்கிறோம். 'சரியான விடை வரணும், எப்படி வந்தா என்ன'ங்கிற புத்தி 20 வயசுல திடீர்னு வர்றதில்ல. வராத ஒண்ணை வந்த மாதிரி யாரோ பாசத்தோட ஒட்டி வெச்ச இடத்துலதான் அது ஆரம்பிக்குது.

இன்னொண்ணு. ஒட்டி வெச்சிருந்தா அந்த ரெண்டாவது டம்ளருக்கு அர்த்தமே போயிருக்கும். விதை இல்லாமலும் விதை போட்ட மாதிரியே வளரும்னு ரெண்டு பிள்ளைங்களும் நம்பியிருப்பாங்க. அது பொய். அழுகையை நிறுத்த ஆயிரம் வழி இருக்கு, பொய்யைத்தான் கொடுக்கணும்னு இல்ல.

மறுநாள் காலையில் அவனை உட்கார வெச்சு, ரெண்டு டம்ளரையும் பக்கத்துல பக்கத்துல காட்டி, "ரெண்டுலயும் ஒரே பாகுதான். அப்போ என்ன வித்தியாசம்?"னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்தான். "அவ குச்சிக்குச் சர்க்கரை பூசினோம்"னான். அப்புறம் குனிஞ்சு பார்த்து, "மாமா, என் டம்ளர் அடியில இருக்கு!"ன்னு கத்தினான். உண்மைதான். குச்சியில் பிடிக்க இடம் கிடைக்காத சர்க்கரை, டம்ளர் அடியில் போய்ப் படிஞ்சிருந்தது. அது ஒண்ணும் சாகல, வேற இடம் தேடிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்.

அடுத்து என்ன செய்யணும்னு நான் சொல்லவே இல்ல. புதுக் குச்சி கேட்டான், சர்க்கரையில் உருட்டினான், ராத்திரி முழுக்கக் காயவெச்சான். அவன் பாகுலயே அதை விட்டோம். ஒரு வாரம் கழிச்சு வந்தது. அக்காக்காரியோடதுல பாதி அளவுதான். அடியில ஏற்கனவே கொஞ்சம் படிஞ்சு போனதால அவ்வளவுதான் வரும். ஆனா அந்தக் குச்சியை அவன் யாருக்கும் கொடுக்கல. எதிர் வீட்டுக்குப் போய், ஏன் முதல்ல வரல, அப்புறம் ஏன் வந்துச்சுன்னு வரிசையா சொல்லிட்டு வந்தான். எங்க அம்மா அதைக் கேட்டு என்னைப் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லல.

பெற்றோர்கள் கேட்கப்போற கேள்வி எனக்குத் தெரியும். "அரை கிலோ சர்க்கரையைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்றியா?" இல்லவே இல்ல. ஒரு நாள் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில், சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. வளர்ந்த கற்கண்டை உடைச்சு ஒரு பாட்டில்ல போட்டு வையுங்க. கல்யாண வீட்டு வாசல்ல சந்தனம், குங்குமத்தோட வைப்பாங்களே, அந்த மாதிரி வர்றவங்களுக்கு ஒரு துண்டு. நாலு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்குக் கட்டியா கொடுக்காதீங்க, தொண்டையில சிக்கும். மீந்த பாகை எலுமிச்சை ஜூஸுக்கோ கேசரிக்கோ வெச்சுக்கலாம். டம்ளர் அடியில ஒட்டினது வெந்நீர் ஊத்தினா கழண்டு வந்துடும்.

ஒரு விஷயம். மழைக்காலத்துல இதுக்கு இன்னும் பொறுமை வேணும். காத்துல ஈரம் அதிகம்கிறதால தண்ணி சீக்கிரம் ஆவியாகாது. அதனால இப்ப, இந்த வெயில்லயே ஆரம்பிச்சிடுங்க. வெயிலுக்கும் ஒரு உபயோகம் கிடைச்ச மாதிரி இருக்கும்.

செய்யும்போது கண்டிப்பா ரெண்டு டம்ளர் வையுங்க. ஒண்ணுல விதை, ஒண்ணுல விதை இல்லாம. எது வருதோ அதை அப்படியே பிள்ளைங்க பார்க்கட்டும். நாலாம் நாள் உங்க வீட்டுல என்ன நடந்துச்சு, யாரு ஒட்டி வைக்கச் சொன்னாங்க, நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லதா நாலு வந்தா அடுத்த எபிசோட்ல போடறேன்.