பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கடன் தவணை தவறினால் பேரேட்டில் பாக்கி ஏறுகிறது. காரியதரிசி நோட்டீஸ் அனுப்புகிறார், ஜாமீன்தாரரையும் விசாரிக்கிறார்கள். அதே வீட்டுப் பிள்ளை பத்து நாள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றால் கேட்பார் எவருமில்லை. பணப் பாக்கியைப் பின்னால் வட்டியுடன் செலுத்திவிடலாம். ஆறாம் வகுப்பில் தவறிய பாடத்தை எந்த வட்டி கொடுத்து மீட்பது? ஆகையால் பிள்ளைகள் வராத நாட்களும் சங்கம் கவனிக்கத்தக்க பாக்கியே.

படிப்பில் விருப்பமில்லை என்று பிள்ளைமேல் குற்றம் சாட்டுவது சுலபம். இந்தச் சீமையின் அனுபவமோ வேறு. ஏழைப் பிள்ளைகளைத் தடுத்தவற்றுள் பசியும் ஒன்று என்று கண்டபின், 1956-ம் வருஷத்தில் காமராஜர் பகல் உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். அவ்வூர் அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஊராரும் நன்கொடை அளித்து அதற்குக் கைகொடுத்தார்கள். காரணம் இன்னதென்று தெரிந்தது, பரிகாரமும் பின்தொடர்ந்தது.

வழியும் அத்தகைய காரணமே. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியை ஒரு காலத்தில் ஜனங்கள் ஓடத்தில் கடந்தார்கள். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராயிருந்த சுலோசன முதலியார் பெருஞ்செலவைத் தாமே ஏற்றுக் கட்டுவித்த பாலம் 1843-ம் வருஷத்தில் திறக்கப்பட்டது. பாலம் வந்தபின் ஓடத்துக்குக் காத்திருக்கும் துன்பம் ஒழிந்தது.

இன்று பிள்ளைகளுக்கு உள்ள துன்பம் பெரும்பாலும் அந்தப் பெரிய ஆற்றிலல்ல. கிராமத்துக்கும் பஸ் நிற்கும் ரஸ்தாவுக்கும் நடுவிலுள்ள சிறிய தூரத்தில்தான். 2011-ம் வருஷத்திய தமிழ்நாட்டு விதிகளின்படி ஐந்தாம் வகுப்புவரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்புவரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். அப்பால் தூரம் இன்னும் கூடலாம். சர்க்கார் இலவசப் பஸ் பாஸ் கொடுக்கிறது. ஆயினும் பள்ளி மணி ஒன்பதரைக்கு, பஸ் பத்து மணிக்கு என்றிருந்தால் பாஸினால் என்ன பிரயோஜனம்? சர்க்கார் அளிக்கும் இலவச சைக்கிளும் பதினோராம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது. ஊர்ப் பள்ளியை விட்டு வெளியூருக்குப் போகத் தொடங்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது இன்னும் ஐந்து வருஷ தூரத்தில் இருக்கிறது.

பருவமும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பெய்யும் காலமே பிசான சாகுபடியின் வேலை நெருக்கும் காலம். வாய்க்கால் கரை சேறாகிறது. கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்துகிறார்கள். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்தவை போன்ற பெருவெள்ளத்தில் பள்ளிகளே மூடப்படுவதால், அந்த நஷ்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. சாதாரண மழைநாளிலோ பள்ளி நடக்கிறது. வழி கெட்ட ஊரின் பிள்ளைகள் மாத்திரம் பின்தங்குகிறார்கள்.

சங்கம் செய்யக்கூடியவை நான்கு.

முதலாவது, ஓர் ஏடு வைத்தல். பள்ளி உபாத்தியாயருடன் கலந்து, மாதந்தோறும் எத்தனை பிள்ளைகள் எத்தனை நாள் வரவில்லை, காரணம் வழியா, நோயா, வீட்டு வேலையா என்று குறிக்க வேண்டும். கூட்டத்தில் தொகையை மட்டும் வாசிக்கலாம். பிள்ளையின் பெயரை வாசித்து எந்தக் குடும்பத்தையும் தலைகுனியச் செய்யலாகாது.

இரண்டாவது, பஸ் நேரம். பஸ் வேண்டும் என்று பொதுவாக எழுதும் மனுவுக்கு வலிமை குறைவு. இத்தனை பிள்ளைகள், இந்த நிறுத்தம், பள்ளி மணி இது, பஸ் வரும் நேரம் இது என்று ஏட்டின் கணக்குடன் தீர்மானம் நிறைவேற்றிப் போக்குவரத்துக் கழகக் கிளைக்கு அனுப்பினால், அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

மூன்றாவது, துணை. மழை மாதங்களில் சிறு பிள்ளைகளை வாய்க்கால் தாண்டி ரஸ்தாவில் சேர்க்க, வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துக்கொள்ளலாம். இதற்குச் செலவில்லை.

நான்காவது, நிதி. 1912-ம் வருஷத்திய கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 34-வது பிரிவே, நிகர லாபத்தில் கால் பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கியபின், ரிஜிஸ்திராரின் அனுமதியுடன் மீதியில் நூற்றுக்குப் பத்துவரை தருமகாரியங்களுக்குக் கொடுக்க இடமளித்தது. கல்வியும் அத்தருமங்களில் ஒன்று. அந்தக் கணக்குப்படி லாபம் 1,000 ரூபாயானால் சேமநிதிக்கு 250, மீதி 750, அதில் கொடுக்கத்தக்கது 75 ரூபாய். இப்பொழுது 1983-ம் வருஷத்திய தமிழ்நாட்டுச் சட்டத்தையும் சங்கத்தின் உபவிதிகளையும் அனுசரித்தே தொகையை நிர்ணயிக்க வேண்டும். தொகை சிறிதானாலும் நான்கு குடைகளுக்கோ ஒரு சைக்கிளின் ரிப்பேருக்கோ உதவினால், சில பிள்ளைகள் மழைக்காலத்திலும் வகுப்பில் இருப்பார்கள்.

முதலியாரைப்போல் ஒருவரே பாலம் கட்டித் தருவார் என்று ஊர்தோறும் காத்திருப்பதற்கில்லை. தனியொருவரால் ஆகாததைப் பலர் சேர்ந்து செய்வதற்கே சங்கம் ஏற்பட்டது. ஆகவே அடுத்த மாதக் கூட்டத்தில் தவணை பாக்கியை வாசித்து முடித்தவுடன், பிள்ளைகள் வராத நாட்களின் ஏட்டையும் திறந்து வாசிக்க அங்கத்தினர்கள் இன்றே தீர்மானிப்பார்களாக.