கோபுரங்களும் கயிற்றுத் தடங்களும்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான மாவட்ட அளவிலான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘களப்பயணத்தின் வழியே வரலாறு கற்பித்தல்’ என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். களப்பயணத்தின் நோக்கங்கள், பயன்கள் எல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கின்றன. அவற்றை நான் மறுபடி வாசிக்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக, உங்களை ஓர் ஊருக்கு அழைத்துப் போகிறேன். இத்தாலியில், டஸ்கனி மாநிலத்தில், ஒரு குன்றின் மேல் இருக்கும் இடைக்கால ஊர் அது. பெயர் சான் ஜிமின்யானோ. என் மகள் புளோரன்ஸ் நகரில் படிக்கிறாள். மே மாத விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனபோது, ஒரு நாள் முழுவதும் அந்த ஊரை நடந்தே பார்த்தேன்.

அந்த ஊருக்கு ரயில் கிடையாது. புளோரன்ஸிலிருந்து போஜ்ஜிபொன்சி என்ற ஊர் வரை வந்து, அங்கிருந்து வேறு பேருந்தில் ஏற வேண்டும். திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் நிறைந்த சரிவுகளுக்கு நடுவே பேருந்து வளைந்து வளைந்து ஏறும்போது, திடீரென்று குன்றின் உச்சியில் கல் கோபுரங்கள் தெரியும். கோயில் கோபுரங்கள் அல்ல. நான்கு பக்கமும் வழவழவென்று மேலே போகும் சதுரக் கற்றூண்கள் என்றே சொல்லலாம். ஒரு காலத்தில் 72 இருந்தனவாம். இன்று 14 நிற்கின்றன. கடல் மட்டத்திலிருந்து 324 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். தெற்கு வாயிலிலிருந்து வடக்கு வாயில் வரை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வேகமாக நடந்தால் கால் மணி நேரத்தில் ஊர் முடிந்துவிடும். எனக்கு ஒரு நாள் போதவில்லை.

கிணற்றடிப் பாடம்

தெற்கே இருப்பது புனித ஜியோவானி வாயில். 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. உள்ளே நுழைந்ததும் கல் பாவிய தெரு மேடேறிப் போகிறது. வடக்கு ஐரோப்பாவிலிருந்து ரோமுக்குப் போன யாத்திரிகர்கள் நடந்த பாதை இந்த ஊர் வழியாகத்தான் சென்றது. யாத்திரிகர் வந்தால் சத்திரம் வரும், சத்திரம் வந்தால் கடை வரும், கடை வந்தால் வட்டிக்குக் கொடுப்பவர் வருவார். ஊர் வளர்ந்த கதை இதுதான். சுற்றியுள்ள நிலத்தில் விளைந்த குங்குமப்பூ அதற்குக் கை கொடுத்தது. ஒரு கிராம் குங்குமப்பூ கிடைக்க ஏறக்குறைய 150 பூக்களைப் பறித்து, ஒவ்வொன்றிலும் இருக்கும் மூன்று இழைகளைக் கையால் கிள்ளி எடுக்க வேண்டும். எடை குறைவு, விலை அதிகம். தொலைதூர வணிகத்துக்கு அதைவிடத் தோதான சரக்கு எது?

தெரு முடியும் இடத்தில் ஒரு வளைவு. அதைத் தாண்டினால் முக்கோண வடிவில் ஒரு சதுக்கம். தரை முழுவதும் செங்கல் பாவியிருக்கிறது. நடுவே எண்கோணக் கல் மேடை மீது ஒரு கிணறு. அதற்கு அடியில் இருக்கும் நீர்த்தொட்டியை 1273இல் கட்டி, 1346இல் பெரிதாக்கியிருக்கிறார்கள். அப்போது ஊரை நிர்வகித்தவரின் குடும்பச் சின்னமான ஏணி அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது.

அங்கே ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பைப் பார்த்தேன். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் இருபது பேர் இருக்கும். அவர்களுடைய ஆசிரியை கையில் ஒலிபெருக்கியோ குறிப்பேடோ இல்லை. பிள்ளைகளைக் கிணற்றைச் சுற்றி நிறுத்தி, “கல்லைத் தொட்டுப் பாருங்கள்” என்றார். என் மகள் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். கிணற்றின் விளிம்புக் கல்லில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளங்கள். பிள்ளைகள் விரலை வைத்து வருடினார்கள். “யார் இதைச் செதுக்கினார்கள்?” என்று கேட்டுவிட்டு அந்த ஆசிரியை பேசாமல் நின்றார். “சிற்பி” என்றான் ஒருவன். “மழை” என்றாள் ஒருத்தி. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிறுமி கையால் கயிறு இழுப்பது போலச் செய்து காட்டினாள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நமக்குத் தெரியும். பல தலைமுறைகளாகத் தண்ணீர் இறைத்தவர்களின் கயிறு அறுத்த தடம் அது. நம் ஊர்ப் பழங்கிணறுகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆசிரியை அடுத்துக் கேட்ட கேள்வியைத்தான் நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். “இந்த ஏணி யாருடையது என்று கல்லிலேயே இருக்கிறது. இந்தப் பள்ளங்கள் யாருடையவை?” பிள்ளைகளுக்கு விடை தெரியவில்லை. அவர் விடை சொல்லவும் இல்லை. அடுத்த இடத்துக்கு நடந்தார்கள். நாங்களும் சற்றுத் தள்ளிப் பின்னாலேயே போனோம்.

உயரத்துக்கு ஒரு சட்டம்

பக்கத்திலேயே அடுத்த சதுக்கம். பேராலயமும் ஊர் மன்ற மாளிகையும் எதிரும் புதிருமான கோபுரங்களும் இருக்கும் இடம். கோபுரங்கள் பெரும்பாலும் பணக்காரக் குடும்பங்கள் கட்டியவை. ஆபத்துக் காலத்தில் ஒளிந்துகொள்ளப் பயன்பட்டன என்றாலும், ‘எங்கள் வீட்டைப் பார்’ என்று ஊருக்குச் சொல்வதே முதல் வேலை. ஆர்திங்கெல்லி, சால்வூச்சி என்ற இரண்டு குடும்பங்களின் பகை இந்த ஊர் வரலாற்றில் பெரிய பங்கு வகிக்கிறது. ஒன்று போப்பாண்டவர் கட்சி, மற்றொன்று பேரரசர் கட்சி.

போட்டி எல்லை மீறியதால், 1255இல் ஊர் மன்றம் ஒரு விதி செய்தது. ரொன்யோசா என்னும் கோபுரத்தைவிட உயரமாகத் தனியார் எவரும் கட்டக் கூடாது. அதன் உயரம் ஏறக்குறைய 51 மீட்டர். சால்வூச்சி குடும்பம் என்ன செய்தது தெரியுமா? பக்கத்தில் பக்கத்தில் இரட்டைக் கோபுரம் எழுப்பியது. ‘இரண்டையும் சேர்த்தால் எங்களுடையதுதான் உயரம்’ என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். 1311இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய கோபுரம் 54 மீட்டர். அது எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம். ஊரைவிட ஒரு வீடு உயரக் கூடாது என்பதைச் சட்டமாக எழுதி, பின்பு கல்லிலும் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். உள்ளாட்சி பற்றிய பாடத்துக்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டுமா?

அந்தப் பெரிய கோபுரத்தை ஒட்டிய மன்ற மாளிகையில், 1300ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், புளோரன்ஸின் தூதராக வந்த ஒருவர் பேசினார். அவர்தான் கவிஞர் தாந்தே. அவர் பெயரால் அந்த மண்டபம் இன்றும் அழைக்கப்படுகிறது. இரண்டு ஆண்டுகளில் அதே புளோரன்ஸ் அவரை நாடு கடத்தியது.

கோபுரச் சுவர்களில் வரிசை வரிசையாகச் சதுர ஓட்டைகள் இருக்கின்றன. ஒரு பையன் அதைக் காட்டிக் கேட்டான். “நீ என்ன நினைக்கிறாய்?” என்று ஆசிரியை திருப்பிக் கேட்டார். “புறாவுக்கு” என்றான். புறாக்கள் உண்மையிலேயே அங்கே உட்கார்ந்திருந்தன! எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பேசிப் பேசி, சாரம் கட்டிய மரங்களும் வெளியே நீட்டிய மரத் தாழ்வாரங்களைத் தாங்கிய உத்திரங்களும் செருகிய இடம் என்ற விடைக்குப் பிள்ளைகளே வந்து சேர்ந்தார்கள். மரம் மக்கிவிட்டது, ஓட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அழகு எங்கிருந்து வந்தது?

இவ்வளவு கோபுரங்கள் இங்கே மட்டும் ஏன் நிற்கின்றன? புளோரன்ஸிலும் பொலோனியாவிலும் இதைவிட அதிகமாகவே இருந்தன. அந்த ஊர்கள் செழித்தன. செழித்த ஊர் இடித்துக் கட்டும். சான் ஜிமின்யானோவில் 1348இல் பிளேக் கொள்ளைநோய் புகுந்து மக்களை வாரிக்கொண்டு போனது. கிணற்றைப் பெரிதாக்கி இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1353இல் ஊர் தன் சுதந்திரத்தை விட்டு புளோரன்ஸின் ஆட்சிக்குள் போனது. வணிகமும் வேறு வழிகளுக்கு மாறியது. இடிக்கவும் புதிதாகக் கட்டவும் பணமில்லாமல் ஊர் அப்படியே நின்றுவிட்டது. 1990இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும், இன்று நாம் படம் எடுத்துக்கொள்வதும் அந்த வறுமை விட்டுவைத்த அழகைத்தான். காரணமும் விளைவும் என்று கரும்பலகையில் எழுதுகிறோமே, அது எவ்வளவு சுற்றி வளைத்து வேலை செய்கிறது என்பதற்கு இந்த ஊர் நல்ல எடுத்துக்காட்டு.

ஓவியத்தில் ஒரு பள்ளிக்கூடம்

வடக்கு வாயிலுக்குப் பக்கத்தில் புனித அகஸ்டின் ஆலயம் இருக்கிறது. வெளியே பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம். உள்ளே, பீடத்துக்குப் பின்னால், சுவர் முழுவதும் ஓவியம். பெனொட்சோ கொட்சோலி என்ற ஓவியர் 1464, 1465ஆம் ஆண்டுகளில் அகஸ்டினின் வாழ்க்கையை 17 காட்சிகளாக வரைந்திருக்கிறார். ஆசிரியர்களாகிய நாம் பார்க்க வேண்டியது முதல் காட்சி. அது ஒரு பள்ளிக்கூடம்.

அகஸ்டின் நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். ஓவியரோ தன் காலத்து இத்தாலியத் தெருவையே பின்னணியாக வரைந்திருக்கிறார். இடப்பக்கம், தாய் மோனிக்காவும் தந்தையும் சிறுவனை ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார்கள். ஆசிரியர் அன்போடு வரவேற்கிறார். வலப்பக்கம் அதே ஆசிரியர் பிரம்பை ஓங்கியிருக்கிறார். ஒரு சிறுவனை இன்னொரு பையனின் முதுகில் ஏற்றிப் பிடித்திருக்க, அவனுக்கு அடி விழுகிறது. ஒரே படத்தில் வரவேற்கும் கையும் அடிக்கும் கையும்.

அந்த வகுப்பும் அங்கே வந்தது. ஆசிரியை அகஸ்டினைக் காட்டினார். பிள்ளைகள் பார்த்தார்கள். ஆனால், ஒருவர் பின் ஒருவராக எல்லாக் கண்களும் வலப்பக்கம் போய்விட்டன. கிணற்றடியில் கயிறு இழுத்துக் காட்டிய அதே சிறுமி கேட்டாள்: “அவன் என்ன தப்பு செய்தான்?”

ஆசிரியை கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். “அதைப் படம் சொல்லவில்லை” என்றார். “அவன் பெயர்?” என்று கேட்டாள். “அதையும் சொல்லவில்லை.”

நண்பர்களே, நான் அந்த ஊரில் கற்ற பாடம் இதுதான். கோபுரம் கட்டியவர் பெயர் இருக்கிறது. கிணற்றில் சின்னம் பொறித்தவர் பெயர் இருக்கிறது. படம் வரைந்தவர் பெயரும், படத்தில் புனிதரானவர் பெயரும் இருக்கின்றன. கயிறு இழுத்துக் கல்லைத் தேய்த்தவர்களுக்கும், அடி வாங்கிய அந்தச் சிறுவனுக்கும் பெயர் இல்லை. ஆனால் பிள்ளைகளின் கண் அங்கேதான் போகிறது. அகஸ்டினே ‘ஒப்புதல்கள்’ என்ற தன் நூலில், பள்ளியில் அடி விழக் கூடாது என்று சிறு வயதில் இறைவனிடம் வேண்டிக்கொண்டதையும், பெரியவர்கள் அதைக் கேட்டுச் சிரித்ததையும் எழுதியிருக்கிறார். பேரறிஞராகி, ஆயராகி, நாற்பது வயதைக் கடந்த பிறகும் அந்த அடியை அவர் மறக்கவில்லை. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பிரம்பு போய்விட்டது. முதல் வரிசைப் பிள்ளையை வரவேற்கும் அதே முகத்தோடு கடைசி வரிசைப் பிள்ளையையும் பார்க்கிறோமா என்று கேட்டுக்கொள்ளும் வேலை இன்னும் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

களப்பயணம் என்றதும் பேருந்துக்கும் செலவுக்கும் எங்கே போவது என்று யோசிக்கிறோம். அந்த இத்தாலிய வகுப்பு நடந்தது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. பள்ளி வாசலிலிருந்து அதே தூரத்தை உங்கள் ஊரில் அளந்து பாருங்கள். தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், உடன் வர இன்னொரு ஆசிரியர், வெயில் ஏறும் முன் இரண்டு பாடவேளை. இவை போதும்.

நிற்க ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் முதலில் தனியாக ஒரு முறை நடந்து பாருங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். விடை கண்ணுக்குத் தெரியும் பொருளில் இருக்க வேண்டும், உங்கள் குறிப்பேட்டில் அல்ல. கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் கடினம், பிள்ளைகளுக்கு அல்ல. ‘புறாவுக்கு’ என்ற விடை வந்தால் அதையும் ஏற்றுக்கொண்டு மேலே போங்கள்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகள் தொட்டதை வரையட்டும். உயர்நிலை மாணவர்கள் அந்த ஐந்து இடங்களில் ஒன்றைப் பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதிவரட்டும். எல்லோரிடமும் கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கள்: “இங்கே யாருடைய பெயர் எழுதியிருக்கிறது? யாருடைய பெயர் எழுதவில்லை?” அந்தக் கேள்விக்கு முதலில் கை தூக்குவது, வகுப்பறையில் வழக்கமாகக் கை தூக்காத பிள்ளையாக இருக்கலாம். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.