ஒரே பம்ப், இரண்டு நோய்

லுக்குட் வட்டாரத்தில் ஒரு தோட்ட வீட்டை நினைத்துப் பாருங்கள். பால்மரம் சீவி ஓய்ந்த தாத்தாவுக்கு 70 வயது. பேத்தி இடைநிலைப்பள்ளி மாணவி. இருவருக்குமே மூச்சு இழைக்கிறது. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு நீலநிறப் பம்ப். தாத்தாவும் அடிக்கிறார், பேத்தியும் அடிக்கிறாள். “ரெண்டும் இழுப்புதானே?” என்கிறார்கள். அங்கேதான் தவறு.

பேத்திக்கு ஆஸ்துமா. பெரும்பாலும் சிறுவயதில் தொடங்குவது. தூசு, குளிர், புகைமூட்டம் பட்டால் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கும். தக்க மருந்து எடுத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும்.

தாத்தாவுக்கு சி.ஓ.பி.டி. எனும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். 40 வயதுக்கு மேல் மெல்லத் தலைகாட்டும். முதன்மைக் காரணம் சிகரெட். விறகடுப்புப் புகையும் காரணமாகலாம். ஆகவே புகைக்காத பாட்டிமார்களுக்கும் வரும். கெட்டுப்போன நுரையீரல் முழுதாகத் திரும்பாது. கருவியில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை இரண்டையும் பிரித்தறிய உதவும்.

மருந்தும் வேறு. நீலப் பம்பிலுள்ள சல்பியூட்டமோல் குழாயை உடனே விரிக்கும். உள்ளிருக்கும் வீக்கத்தை ஆற்றாது. ஆஸ்துமாவுக்கு வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டு பம்ப் அவசியம். நீலப் பம்பை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்பதால், பெரியவர்களும் பதின்ம வயதினரும் அப்படிச் செய்ய வேண்டாமென ‘ஜினா’ எனும் அனைத்துலக வழிகாட்டி 2019 முதல் சொல்லி வருகிறது. சி.ஓ.பி.டி.க்கோ குழாயை நெடுநேரம் விரித்து வைக்கும் மருந்தே முதன்மையானது. அந்நோயாளிகள் எல்லாருக்கும் ஸ்டீராய்டு தேவைப்படாது. நிமோனியா வரும் வாய்ப்பையும் அது கூட்டும்.

சரி, பம்பை எப்படி அடிப்பது? குலுக்குங்கள். மூச்சை வெளியே விடுங்கள். மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். 10 விநாடி மூச்சை அடக்குங்கள். ஸ்டீராய்டு என்றால் வாய் கொப்பளியுங்கள். கைப்பக்குவம் வராதவர்களுக்கு ஸ்பேசர் குழல் உண்டு.

2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாள்களில் இரு நோயாளிகளும் வீட்டிலேயே இருப்பது நலம். நீலப் பம்ப் அடித்தும் மூச்சு அடங்காவிட்டால் தாமதிக்காமல் 999ஐ அழையுங்கள்.

சிகரெட்டை விடுவதே தாத்தாவுக்கு முதல் மருந்து. அடுத்த முறை கிளினிக் போகும்போது இருவரும் பம்பைக் கையோடு கொண்டுபோய் மிஸ்ஸி முன்னால் அடித்துக் காட்டட்டும். ஒரு வீட்டில் சோறு ஒரே பானையில் வேகலாம், மருந்து அப்படியல்ல.