மருந்து கொடுத்த பின்னும் ஒரு ஊழியம்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் எங்கள் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நல்ல சமாரியன் உவமையை அறியாதவர் நம்மில் இல்லை. காயம்பட்டுக் கிடந்தவனுக்கு அவன் எண்ணெயும் திராட்சரசமும் இட்ட கதையை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லுவார்கள். ஆனால் மறுநாள் நடந்ததை நாம் அதிகமாகத் தியானிப்பதில்லை. மருந்து போட்டாயிற்று, நம் கடமை முடிந்தது என்று அவன் போய்விடவில்லை. காயப்பட்டவனைச் சாவடியில் சேர்த்து, கவனித்துக்கொள்ள ஒரு ஆளை ஏற்படுத்தி, அதற்கான பணத்தையும் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களித்தான். மருந்து இட்டது முதல் நாள் வேலை. அந்த மருந்து அவனைக் குணமாக்குகிறதா என்று பார்க்க ஆள் வைத்தது இரண்டாம் நாள் வேலை. அந்த இரண்டாம் நாளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களுக்கு மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரை நன்றாக நினைவிருக்கும். சீசாவின் பக்கத்தில் வேளைக் கணக்குக்குப் பல்பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டி, மிக்சரைக் குலுக்கிக் கொடுப்பார். அன்று மருந்துகள் கொஞ்சம். தாமே கலந்ததால் சீசாவுக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். இன்று மருந்துகள் கம்பெனியிலிருந்து அட்டையாகவும் ஊசியாகவும் வந்து இறங்குகின்றன. ஒரே மருந்துக்குப் பத்துப் பெயர்கள். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயருக்குள் வேறு வேறு மருந்துகள். மருந்தைக் கலக்கும் வேலை குறைந்துபோயிற்று. ஆனால் அவை நோயாளியின் உடம்புக்குள் ஒன்றோடொன்று மோதாமல் பார்க்கும் வேலை பன்மடங்கு பெருகிவிட்டது.

எங்கள் வார்டுகளில் கண்ட சிலவற்றைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நாற்பது ஆண்டுக்கு மேல் குழித்தறியில் கால் மிதித்தவர். முட்டி வலிக்கு ஓரிடத்தில் ஒரு மாத்திரை, இடுப்பு வலிக்கு வேறிடத்தில் ஒரு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார். இரண்டு அட்டைகளிலும் பெயர் வேறு. உள்ளே இருந்தது ஒரே வலி மருந்து. சர்க்கரை நோயும் உள்ளவர், ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்திருந்தது. அவருடைய மஞ்சள் பையைக் கட்டிலின்மேல் கொட்டி, அட்டை அட்டையாகப் பார்த்து இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் மருந்தாளுநர் சகோதரி.

மற்றொரு அம்மாள் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். நம் நாட்டில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு அளவில் கிடைக்கிறது. 40க்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்குரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏற்றினால் உடம்பில் போவது இரண்டரை மடங்கு. அவர் கையில் மருந்தும் சிரிஞ்சும் பொருந்தாமல் இருந்ததை வீட்டுக்கு அனுப்பும் நாளன்று பார்த்துவிட்டார்கள். பார்க்காமல் போயிருந்தால், இரவில் தூங்கியவர் காலையில் எழுந்திருப்பாரா என்பது சந்தேகம்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப்போல் தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கு ஆபத்தானவர்கள் உலகெங்கும் உண்டு. இவையெல்லாம் அபூர்வமான சம்பவங்கள் அல்ல. மருந்தினால் வரும் இப்படிப்பட்ட தீங்கைக் குறைக்கவே உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் ஒரு உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. தவிர்க்கக்கூடிய கடுமையான தீங்கை ஐந்தாண்டில் பாதியாக்குவது என்பது அதன் இலக்கு.

இந்தக் கண் எப்படித் திறக்கிறது? புத்தகத்தினால் மட்டும் அல்ல. 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் பெரும்பாலான மருந்தாளுநர்கள் டிப்ளமோ படித்து வருகிறார்கள். அதில் செய்முறைப் பயிற்சிக்கு நெடுங்காலமாக விதித்திருப்பது 500 மணி நேரம். மருந்தை எடுத்துக் கொடுக்கப் பழக அது போதலாம். நோயாளியின் கட்டிலருகே நின்று சிந்திக்கப் பழக அது போதாது. 1990களில் மைசூரிலும் ஊட்டியிலும் உள்ள ஜே.எஸ்.எஸ். கல்லூரிகள் எம்.பார்ம். மாணவர்களை மருத்துவமனை வார்டுகளுக்கே அனுப்பிப் பயிற்றத் தொடங்கின. 2008ஆம் ஆண்டில் இந்திய பார்மசி கவுன்சில் பார்ம்.டி. என்ற ஆறாண்டுப் படிப்புக்கு விதிகளை வகுத்தது. ஏற்கெனவே பி.பார்ம். முடித்தவர்களுக்கு அது மூன்றாண்டு. இரண்டிலும் கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனையில்தான். பொது மருத்துவத்தில் ஆறு மாதம், வேறு மூன்று பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம். ரெசிடென்சி என்று சொல்லப்படும் உள்ளுறைப் பயிற்சி இதுவே. அமெரிக்காவிலோ மருத்துவமனை மருந்தாளுநர் சங்கம் 1960களிலேயே இதற்கு அங்கீகார முறையை ஏற்படுத்திவிட்டது. அங்கே பட்டம் பெற்ற பிறகும் ஓராண்டு பொதுப் பயிற்சி பெறலாம். விரும்பினால் புற்றுநோய், தீவிர சிகிச்சை போன்ற ஒரு பிரிவில் மேலும் ஓராண்டு.

பயிற்சியில் இருப்பவர் அன்றாடம் என்ன செய்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். காலையில் மருத்துவரோடும் செவிலியரோடும் வார்டு சுற்றுக்குச் செல்கிறார். புதிதாகச் சேர்ந்தவர் வீட்டில் சாப்பிட்டுவந்த மருந்துகளை, நாட்டு மருந்து உட்பட, கேட்டு எழுதுகிறார். சிறுநீரகம், கல்லீரல் நிலைக்கு ஏற்ப அளவு சரிதானா என்று கணக்குப் பார்க்கிறார். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சேர்ந்தால் இரத்தம் உறையாமல் கொடுக்கும் வார்ஃபரினின் பலன் குறையும் என்பது போன்ற மோதல்களைக் கண்டால் மருத்துவரிடம் எடுத்துச் சொல்கிறார். வீட்டுக்குப் போகிறவர்களிடம் எந்த மாத்திரை எப்போது என்று விளக்கி, அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்கிறார். ஒவ்வொரு நாளும் தன் கணிப்பை மூத்தவர் முன் வைத்துத் திருத்தம் பெறுகிறார். இப்படி ஓராண்டு.

பட்டு நெய்யும் நம் ஊராருக்கு இதை விளங்கவைப்பது எளிது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு இழையிலும் கோத்துக்கொள்ள வேண்டும். அதை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெசவாளர் நடுவில் இருக்க, பக்கத்தில் ஒருவர் இருந்து கரை நாடாவைத் தள்ளவேண்டும். பக்கத்து ஆள் ஒரு இழை தவறினால் கரை பிரிந்துபோகும். மருத்துவர் நெசவாளர் என்றால் மருந்தாளுநர் கரை நாடா தள்ளுகிறவர். அவர் மருத்துவரின் இடத்தைப் பறிக்க வரவில்லை. மருத்துவரின் வேலை நிலைக்கும்படி உடன் உட்காருகிறார். தறியின் வேலையைத் தறியருகே உட்கார்ந்துதான் கற்கவேண்டும் என்பதையும் நம் ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது எங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறோம். பார்ம்.டி. பயிற்சிக்கு 300 படுக்கையுள்ள மருத்துவமனை வேண்டும் என்பது விதி. நம்முடையது அவ்வளவு பெரியதல்ல. ஆனால் படிப்பை முடித்த ஒருவரை மேலும் ஓராண்டு இங்கே வைத்து, எங்கள் மருந்தாளுநர் சகோதரியின் மேற்பார்வையில் சிறிய மருத்துவமனையின் தேவைகளுக்கென்று பழக்க முடியும். இதற்குத் தனிப் பட்டம் கிடையாது. எங்கள் சான்றிதழ் மட்டுமே. அந்த ஓராண்டுக்கு அவருக்கு உதவித்தொகையும் தங்க ஒரு அறையும் சாப்பாடும் வேண்டும். இதற்காகவே உங்கள் முன் நிற்கிறோம்.

இரண்டு கேள்விகள் உங்கள் மனதில் எழும். முதலாவது, "பயிற்சி கொடுத்தால் வெளிநாடோ கம்பெனியோ என்று போய்விடுவார்களே?" சிலர் போவார்கள். அதை மறைக்க மாட்டோம். மருந்தாளுநருக்கு வார்டில் வேலை கொடுக்கும் மருத்துவமனைகள் இன்னும் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் பயிற்சி பெறும் அந்த ஓராண்டில் அவர் பார்க்கும் நோயாளிகள் நம்முடையவர்கள். அவரோடு வார்டு சுற்றிய செவிலியரும் இளம் மருத்துவரும் கற்றுக்கொண்டது இங்கேயே தங்கும். போகிறவர் வேறொரு ஊரின் ஏழைக்கு உதவினாலும் அது கர்த்தருடைய தோட்டமே.

இரண்டாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஒரு கட்டில் கொடுத்தால் பெயர் எழுதலாம். ஒரு கட்டடம் கொடுத்தால் கல்வெட்டு வைக்கலாம். ஒரு வாலிபருடைய ஓராண்டுக் கற்றலில் எங்கே பெயர் எழுதுவது? உண்மைதான். இந்தக் காணிக்கையின் பலன், நடக்காமல் போன விபத்து. அந்த இன்சுலின் அம்மாள் தனக்கு என்ன நேர இருந்தது என்பதை முழுவதும் அறியாமலே பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதற்குக் கல்வெட்டு கிடையாது. ஆனால் மிஷனரிகள் இந்த வழியில்தான் நடந்தார்கள். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த டாக்டர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அவர்கள் நோயாளியைக் குணமாக்கினதோடு நிற்காமல், தங்களுக்குப் பின் குணமாக்கப் போகிறவர்களை ஆயத்தப்படுத்தினார்கள்.

ஆகையால் உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். முதலாவது, இந்த ஓராண்டுப் பயிற்சிக்காகத் தனியாகவோ, சபையாகவோ, பெண்கள் ஐக்கியமாகவோ மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். தொகை சிறிதானாலும் ஒழுங்காக வருவது முக்கியம்; உதவித்தொகை மாதாமாதம் கொடுக்கவேண்டியது அல்லவா? இரண்டாவது, உங்கள் சபையில் மருந்தியல் படித்த வாலிபப் பிள்ளைகள் இருந்தால் இந்த ஊழியத்தைப் பற்றி அவர்களோடு பேசுங்கள். மூன்றாவது, இன்றைக்கே வீட்டுக்குப் போய், பெற்றோர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தப் பையோடு போங்கள். இதற்குக் காசு வேண்டியதில்லை. ஆனால் ஒரு உயிரைக் காக்கலாம்.

சாவடிக்காரனுடைய பெயர் வேதத்தில் இல்லை. அவன் இராமுழுதும் விழித்துப் பார்த்துக்கொண்டானா, எத்தனை நாள் பணிவிடை செய்தான் என்பதும் நமக்குச் சொல்லப்படவில்லை. அந்தச் சமாரியன் கொடுத்த பணமோ நினைக்கப்படுகிறது. உங்கள் காணிக்கைகளையும், அவற்றால் கட்டிலருகே நிற்கப்போகும் கைகளையும் கர்த்தர் ஏற்றுக்கொண்டு ஆசீர்வதிப்பாராக. ஆமென்.