சகேயுவின் கணக்கு

 

தன் அயலான் யார் என்று ஒரு நியாயசாஸ்திரி இயேசுவிடம் கேட்டார். அந்தக் கேள்வியைச் சென்னையில் கேட்டுப் பாருங்கள். நாம் வாசலில் வைக்கும் குப்பை எங்கே போகிறது? பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போய்க் குவிந்தது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தது. அந்தப் புகையைச் சுவாசித்த பிள்ளை நமக்கு அயலான் இல்லையா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தது. படகும் வலையும் கறுத்துப் பிழைப்பை இழந்த மீனவர் யாருக்கு அயலார்?

2015-இல் போப் பிரான்சிஸ் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், பூமிக்கு வந்த கேட்டையும் ஏழைக்கு வந்த கேட்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. வசதியுள்ளவர் குப்பையைக் கொட்டுகிறார், வசதியில்லாதவர் அதன் அருகே வாழ்கிறார். ஆகவே மாசு என்பது அன்புக்கு எதிரான பாவம் என்று இந்த மேடையில் துணிந்து சொல்கிறேன்.

பாவத்துக்குப் பரிகாரம் என்ன? எரிகோவில் வரி வசூலித்த சகேயுவைப் பாருங்கள். இயேசுவைச் சந்தித்து மனம் மாறியவன் ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்றான். அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னான். கெடுத்தவன் ஈடு செய்யவேண்டும்! 1996-இல், பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த நியாயத்தைத்தான் நிலைநாட்டியது. மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரவேண்டும். கெட்ட மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவையும் ஏற்கவேண்டும்.

ஆலைகளிடம் இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்பதற்கு முன் நம் ஆலய வளாகத்தைச் சீர்ப்படுத்துவோம். ஐயாயிரம் பேரின் பசியாற்றிய பிறகு, மீந்த துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார் ஆண்டவர். பன்னிரண்டு கூடை நிறைந்தது. நம் ஆலய அசன விருந்து முடிந்தபின் நிறைவது என்ன? பிளாஸ்டிக் தம்ளரும், பூச்சுப் பூசிய தாளும், சாப்பிடாமல் விட்ட சோறும்! ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்வதை, நாம் அன்பினால் செய்யக்கூடாதா?

இந்த ஆண்டு அசனத்தை வாழையிலையிலும் எவர்சில்வர் தம்ளரிலும் நடத்துவோம். கன்வென்ஷன் கூட்டத்துக்குப் பிளெக்ஸ் பேனர் வேண்டாம். மக்கும் குப்பையை ஆலய வளாகத்திலேயே உரமாக்குவோம். மக்காததையும் ஆபத்தானதையும் வீட்டிலேயே பிரித்துத் தூய்மைப் பணியாளர் கையில் கொடுப்போம். அவரும் நம் அயலாரே. எண்ணூர் மக்கள் நியாயம் கேட்கும்போது பக்கத்தில் போய் நிற்போம்.

சகேயு தன் கணக்கைத் தீர்க்க முன்வந்த அன்றே அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது. நம் கணக்கையும் இன்றே தீர்க்கத் தொடங்குவோம்.