எச்சம் என்னும் சொல்



செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில் பிணைத்து நிற்கிறது. தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதத்திலும் மூன்று இழைகள் முறுக்கிப் பிணைந்துள்ளன என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கண்டுரைத்தனர். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பக்கூடும் என்பதை இராமச்சந்திரன் குழுவினர் 1963-இல் வரைபடமாக வகுத்தனர். இயற்கையில் இல்லாத புரதங்களைப் படைப்போரும் இன்று அவ்வரைபடத்தைக் கொண்டு தம் அமைப்புகளைச் சரிபார்க்கின்றனர்.

2003-இல் டேவிட் பேக்கர் குழுவினர் படைத்த 'டாப்7' அத்தகைய புரதம். பேக்கர் 2024-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அப்புரதத்தில் 93 'ரெசிட்யூ' உண்டு என ஆங்கிலக் கட்டுரை கூறும். அகராதியை நாடும் மாணவர் 'கசடு' என்று பொருள்கொண்டு மயங்குவர். அமினோ அமிலங்கள் இணையும்போது நீர் நீங்குகிறது. நீங்கியபின் சங்கிலியில் எஞ்சும் அலகே ரெசிட்யூ. அதற்குரிய சொல் நம் இலக்கணத்திலேயே உண்டு: எச்சம். 'வந்த' என்னும் பெயரெச்சம் கழிவன்று. 'மாணவன்' என்னும் பெயரோடு இயைந்து பொருள் முடிவது. அமினோ எச்சமும் அடுத்ததனோடு இயைந்தே புரதமாகிறது. அவ்வாறே 'நேட்டிவ்' என்பது அங்கு நாட்டைக் குறியாது. புரதம் மடிந்து செயல்படும் இயல்நிலையைக் குறிக்கும். 'செயற்கை' என்பதும் போலி அன்று; மனிதர் வகுத்தது என்பதே பொருள்.

சிற்றூர் மாணவர் அறிவியலைக் கைவிடுவது பலபோது அறிவுக்குறையால் அன்று. ஒரு சொல்லில் இடறுவதால். சொல்லின் பொருளை அது தொழிற்படும் இடத்தில் தேடக் கற்பித்தல் தமிழாசிரியரின் கடமையுமாகும்.