வீட்டு வரியில் ஒரு சாத்திர தானம்



உணவு, அடைக்கலம், மருந்து, நூல் எனத் தானம் நான்கு என்பது சமண மரபு. முதல் மூன்றின் பயனைக் கொடுத்தவரே கண்டு மகிழலாம். சாத்திர தானமோ, கொடுத்தவர் காணாத ஒரு காலத்தில், அவர் அறியாத ஒருவர்க்குப் பயன்படுவது. 1887-இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்ததென்றால், ஏடுகளைப் படியெடுத்துக் காத்தோரும், பொருள் விளக்கி உதவிய கும்பகோணத்துச் சமண அன்பர்களும் அதற்குத் துணையாயினர். பொது நூலகமும் இத்தகைய தானமே. அதனைக் கொடுப்பவர் யார் என்பதே இங்கு எண்ணத்தக்கது.

தாம்பரத்தில் மின்தொடர் வண்டியேறி எழும்பூரில் இறங்கினால், சிறிது தொலைவில் கன்னிமாரா பொது நூலகம் உள்ளது. ஆளுநர் கன்னிமாரா பிரபு 1890-இல் அடிக்கல் நாட்டினார். 1896 டிசம்பர் 5 அன்று நூலகம் திறக்கப்பட்டது. அரசு அமைத்த அந்த மாளிகை நகரத்தார்க்கு எட்டியது, சிற்றூரார்க்கு எட்டவில்லை. அக்குறை தீர, 1931-இல் மன்னார்குடியில் பொறியாளர் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர்தோறும் அனுப்பினார். போற்றத்தக்க பணி, ஆயினும் தனியொருவர் கொடை அவர் கைக்கு எட்டிய தூரமே செல்லும்.

எல்லா ஊர்க்கும், எல்லாக் காலத்திற்கும் நூல் கிடைக்கச் சட்டம் வேண்டும் என்று வாதாடியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். அவர் முயற்சியாலும், கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் ஆதரவாலும் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் உருவாயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. 1950 ஏப்ரல் 1 முதல் கன்னிமாரா, மாநில மைய நூலகமாயிற்று.

அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. தொடக்கத்தில் சொத்துவரி ரூபாய் ஒன்றுக்கு ஆறு பை. இன்று பத்துக் காசு. சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ ஒரு வீட்டிற்குச் சொத்துவரி ரூ.3,000 என்று கொண்டால், நூலகத்தின் பங்கு ரூ.300. உள்ளாட்சி அமைப்பு அதனை வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். நூலும் நாளிதழும் கட்டடமும் அப்பணத்தை நம்பியே உள்ளன.

ஆகவே, கிளை நூலகத்தின் படியேறும் எவரும் இரவலராக நுழைவதில்லை. வீட்டு வரி செலுத்தும் ஒவ்வொருவரும் அதன் புரவலரே. வாடகைக்குக் குடியிருப்போரும் தாம் தரும் வாடகையின் வழியே அதில் பங்கு கொள்கின்றனர்.

ஆனால், வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நிலுவை வைக்கும் குறை தமிழ்நாட்டில் நெடுநாளாக உண்டு. தானப் பொருள் இடைவழியில் தங்கினால் நட்டம் யாருக்கு? புதிய பாடநூலுக்காகக் காத்திருக்கும் போட்டித் தேர்வு மாணவனுக்கு. மாதத்திற்கு நான்கு நூல் விலைக்கு வாங்க இயலாத மூதாட்டிக்கு. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலியன இணைந்து 2021-இல் மாநகராட்சி ஆயிற்று. வீடுகள் பெருகப் பெருக வரியும் பெருகும். நூலகமும் அவ்வாறே பெருகுகின்றதா என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

கேட்பதற்கு முன் செய்யவேண்டியவையும் உள. வரியை உரிய காலத்தில் செலுத்துவோம். வீட்டில் ஒருவரேனும் உறுப்பினராவோம். வாசகர் வட்டத்தில் சேர்வோம்; இயன்றவர் உரிய தொகை செலுத்திப் புரவலராகலாம். சட்டம் பெற்றுத் தந்த அரங்கநாதனே தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் வளரக் கொடுத்தார். வரியோடு தம் கடமை முடிந்ததென்று அவர் கருதவில்லை.

ஏடு காத்த முன்னோர் எழுத்தாணியால் செய்த அறத்தை, இந்நாளில் வரி ரசீதாலும் உறுப்பினர் அட்டையாலும் தொடரலாம். இத்திருநாளில் அதற்கு உறுதி ஏற்போமாக.